சினை ஊசி போட்ட நாளில் புரோஜெஸ்டிரோன் 4.2: இந்த அளவை எப்படிப் புரிந்துகொள்வது?

கறவைத்தோட்டம் (கேள்வி)

வணக்கம். எங்கள் கலப்பின ஜெர்சி மாடு மூன்றாவது ஈற்றுக் கன்று ஈன்று ஐந்து மாதங்கள் ஆகின்றன. மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை என்று எண்ணி, இம்மாதம் 18ஆம் தேதி நான்காவது முறையும் போட்டோம். அன்று காலையே ரத்தம் எடுத்து, மனிதர்களுக்கான பரிசோதனை நிலையம் ஒன்றில் கொடுத்தேன். குழாய் அங்கே போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 4.2 நானோகிராம் என்று முடிவு வந்துள்ளது. ஆனால் அதன் பக்கத்தில் பெண்களுக்குரிய அளவுகளே அச்சிடப்பட்டுள்ளன. இந்த முடிவை நம்பலாமா? பருவத்துக்கு வரவழைக்கும் ஊசியை உடனே போடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர், போடலாமா?

ஆய்வகப்பணி

அளவை நம்பலாம், பக்கத்தில் அச்சிட்டுள்ள ஒப்பீட்டு அளவுகளை மட்டும் விட்டுவிடுங்கள். புரோஜெஸ்டிரோன் ஒரு ஸ்டீராய்டு என்பதால் பெண்ணுக்கும் பசுவுக்கும் நாய்க்கும் அதன் மூலக்கூறு ஒன்றே. எனவே மனித ரத்தத்துக்கான கருவியும் அதை அடையாளம் காணும். சினைப்பையைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். போன்ற புரத ஹார்மோன்கள் அப்படியல்ல, அவை இனத்துக்கு இனம் மாறுபடும். மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பசுவின் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பது வீண் என்பதும் இதனால்தான். அந்தப் பட்டை தேடும் ஹார்மோன் பசுவிடம் உண்டாவதே இல்லை.

மூன்று மணி நேரத் தாமதம் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். பசுவின் ரத்தத்தைப் பிரிக்காமல் வெப்பத்தில் வைத்திருந்தால் சிவப்பணுக்கள் புரோஜெஸ்டிரோனைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தாமதமாக வந்த குழாயில் 0.5 என்று காட்டியிருந்தால் நான் ஐயப்பட்டிருப்பேன். 4.2 என்று காட்டியிருப்பதால், உண்மையான அளவு அதற்குக் குறைவாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அப்படியானால் 18ஆம் தேதி உங்கள் மாடு பருவத்தில் இருக்கவில்லை. முட்டை வெளியான இடத்தில் சினைப்பையில் உருவாகும் மஞ்சள் திரள்தான் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. பருவ நாளில் அத்திரள் கரைந்துபோயிருக்கும் என்பதால் ரத்தத்தில் இதன் அளவு 1 நானோகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஐந்தாம் நாளுக்குப் பின் ஏறத் தொடங்கி, சுழற்சியின் நடுவில் உச்சத்தில் நின்று, சினை பிடிக்காவிட்டால் 17ஆம் நாளை ஒட்டி மீண்டும் சரியும். ரத்தம் எடுத்தது எத்தனையாவது நாள் என்று தெரியாமல் இந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. மூன்றாவது ஊசி என்று போட்டீர்கள்? அன்றும் 18ஆம் தேதியும் என்னென்ன அறிகுறிகளைக் கண்டீர்கள்?

பருவ ஊசியை மட்டும் இப்போது போடாதீர்கள். அது பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின்; மஞ்சள் திரளைக் கரைப்பதே அதன் வேலை. மூன்றாவது ஊசியிலேயே சினை பிடித்திருந்தால் அதுவும் கலைந்துவிடும்.

கறவைத்தோட்டம்

மிக்க நன்றி, ஐயா. மாட்டுக் கொட்டகைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தேன். மூன்றாவது ஊசி 6ஆம் தேதி போட்டிருக்கிறோம். அன்று வாலில் கண்ணாடிபோன்ற சளி ஒட்டியிருந்தது. மற்ற மாடு தாண்டியபோதும் இது அசையாமல் நின்றது. 18ஆம் தேதி இவை எவற்றையும் நான் பார்க்கவில்லை. இரவு முழுவதும் கத்தியது, பாலும் குறைந்தது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய நாள்தான் கன்றை விற்றோம். கன்றைத் தேடிக் கத்தியதைப் பருவம் என்று எண்ணி ஊசி போட வைத்துவிட்டேன் என்பது இப்போதுதான் புரிகிறது. மனம் மிகவும் வருந்துகிறது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

கத்துவதை மட்டும் வைத்துப் பருவம் என்று முடிவு செய்வது அனுபவசாலிகளிடமும் நடக்கிறது. 6ஆம் தேதியிலிருந்து 18 பன்னிரண்டாவது நாள். சினையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்று புரோஜெஸ்டிரோன் உயர்ந்தே இருக்கும். ஆகவே, மூன்றாவது ஊசி வீணானது என்று இப்போது எவரும் சொல்ல முடியாது. சினையுற்ற மாட்டின் கருப்பை வாய் வழியே மீண்டும் ஊசிக்குழலைச் செலுத்துவது கருவுக்கு ஆபத்து என்பது உண்மைதான். ஆயினும் அப்படி நுழைத்த ஒவ்வொரு மாட்டுக்கும் கரு கலைந்துவிடுவதில்லை.

27ஆம் தேதி, அதாவது 21ஆம் நாளில், மீண்டும் ரத்தம் எடுங்கள். இம்முறை ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த பச்சை மூடிக் குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோய், போனவுடன் பிளாஸ்மாவை (ரத்த அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியை) பிரிக்கச் சொல்லுங்கள். 1க்குக் கீழே இருந்தால் சினை இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. அன்றோ மறுநாளோ உண்மையான பருவ அறிகுறிகளும் தெரியக்கூடும் என்பதால் காலையிலும் மாலையிலும் அருகில் நின்று கவனியுங்கள். உயர்ந்திருந்தால் சினையாக இருக்கலாம் என்று மட்டுமே கொள்ளுங்கள், ஏனெனில் தொடக்கக் காலத்தில் கரு இறப்பதும் உண்டு, சுழற்சி நீள்வதும் உண்டு. 6ஆம் தேதியிலிருந்து 30 நாட்கள் கடந்தபின் உங்கள் மருத்துவரை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை எந்த ஹார்மோன் ஊசியும் வேண்டாம்.

கறவைத்தோட்டம்

அப்படியே செய்கிறேன், ஐயா. நாட்காட்டியில் 27ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.