ரீஸ்டார்ட் ஆனதும் ரெஜிஸ்ட்ரி மாற்றம் பழையபடி திரும்புகிறதா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்:
ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடம். அதைத் திருத்தும் ரெஜ்எடிட்டில் 'சேவ்' கிடையாது, ஓகே கொடுத்தாலே போதும். மெமரியில் இருக்கும் மாற்றம் சற்று நேரத்தில் டிஸ்க்குக்குப் போய்விடும். அதற்குள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் போக வாய்ப்பு. மற்றபடி பழைய மதிப்பு வந்து நின்றால், வேறொன்று அதன்மேல் எழுதுகிறது என்று அர்த்தம்.

விண்டோஸ் 10 டாஸ்க்பாரைப் பாருங்கள். அதன் இடத்தைக் குறிக்கும் ஸ்டக்ரெக்ட்ஸ்3 என்ற ரெஜிஸ்ட்ரி கீயில் 'செட்டிங்ஸ்' என்ற பைனரி வேல்யூ. இரண்டாவது வரிசையில் ஐந்தாவது பைட் 03 என்றால் பார் கீழே, 01 என்றால் மேலே. 01 ஆக்கிவிட்டு சைன் அவுட் செய்தால், டாஸ்க்பாரை நடத்தும் எக்ஸ்ப்ளோரர் மூடும்போது தன் கையிலுள்ள 03-ஐ மறுபடி எழுதிவிடும். மாற்றிய கையோடு டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், நிற்கும்.

ஆபீஸ் நெட்வொர்க் பார்ப்பவர்:
டொமைனில், அதாவது ஆபீஸ் சர்வர் நிர்வகிக்கும் நெட்வொர்க்கில் சேர்ந்த கணினி என்றால், முதலில் அங்கிருந்து செட்டிங்கை அனுப்பும் க்ரூப் பாலிசியைப் பாருங்கள். அதன் 'ப்ரிஃபரன்ஸஸ்' பகுதி வழியாக வரும் ரெஜிஸ்ட்ரி ஐட்டத்தில் 'அப்ளை ஒன்ஸ்' டிக் இல்லையென்றால், ஒவ்வொரு ரெஃப்ரெஷிலும் திரும்ப எழுதும். வழக்கமான இடைவெளி 90 நிமிடம், அதோடு 0 முதல் 30 வரை கூடுதல். ஜிபிரிசல்ட் என்ற கமாண்ட் தரும் அறிக்கையில் எந்தப் பாலிசி என்று தெரியும். அங்கே திருத்தாமல் இங்கே நூறு தடவை மாற்றினாலும் வீண்.

இன்னொன்று: சாதாரண யூசர் லாகினில் அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து ரெஜ்எடிட் திறந்தால், கரன்ட் யூசர் கிளையில் (ஒரு யூசரின் சொந்த செட்டிங் இருக்கும் பகுதி) தெரிவது அட்மினுடைய செட்டிங். மாற்றம் அழியவில்லை, வேறு ஆளிடம் போயிருக்கிறது.

ஸ்கூல் லேப் பார்ப்பவர்:
டிஸ்க்கில் எதுவும் நிலையாக எழுதப்படாமல் தடுக்கும் யூனிஃபைட் ரைட் ஃபில்டர் ஆனில் இருந்தால் ரீஸ்டார்ட்டில் எல்லாமே போகும், ஃபைல்கள் உட்பட. ஃபில்டரை ஆஃப் செய்து ரீஸ்டார்ட், மாற்றம், மறுபடி ஆன் செய்து ரீஸ்டார்ட். யூசர் செய்யும் மாற்றத்தைச் சேமிக்காத மாண்டேட்டரி ப்ரொஃபைலில் லாக்ஆஃப் ஆனாலே போய்விடும், மூல ப்ரொஃபைலில்தான் திருத்த வேண்டும்.

மறுபடி கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்:
யார் எழுதுகிறார்கள் என்று பிடிபடாவிட்டால் எந்த ப்ரோக்ராம் என்ன செய்கிறது என்று பதிவு செய்யும் ப்ராசஸ் மானிட்டர் டூலில் 'எனேபிள் பூட் லாகிங்' போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அதைத் திறந்து லாகைச் சேமித்து, ரெக்செட்வேல்யூ (ரெஜிஸ்ட்ரியில் மதிப்பு எழுதும் செயல்) என்று ஃபில்டர் போட்டால் எழுதிய ப்ராசஸின் பெயரே வரும். அது தெரியாமல் டாஸ்க் ஷெட்யூலரில் மதிப்பைத் திரும்ப எழுதும் 'ரெக் ஆட்' கமாண்டை ஓட்டுவது ஒட்டுப்போடும் வேலை. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், கரன்ட் யூசர் மாற்றத்துக்கு 'அட் லாகான்' வைத்து அந்த யூசர் பெயரிலேயே ஓட்டுங்கள். சிஸ்டம் அக்கவுன்ட்டில் ஓட்டினால் சிஸ்டத்தின் கிளையில்தான் எழுதும்.

ரெஜிஸ்ட்ரியில் 'லோக்கல் மெஷின்' என்பதன் கீழுள்ள 'ஹார்ட்வேர்' கிளையைத் தொடவே வேண்டாம். அது டிஸ்க்கில் இல்லை, ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக உருவாவது.