டிஷ்வாஷர் ஏறி இறங்கி உறுமுகிறது, மேல் அடுக்குப் பாத்திரம் அழுக்காகவே வருகிறது: மோட்டார்தான் காரணமா?

சமையல்கட்டு:
வணக்கம். வீட்டில் இருப்பது முன்பக்கம் கதவு திறக்கும் டிஷ்வாஷர், இரண்டு அடுக்கு. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. கொஞ்ச நாளாக ஓடும்போது ஒரு உறுமல். ஒரே சீராக இல்லை. "ஊஊம்" என்று ஏறும், சட்டென்று அடங்கும், மறுபடி ஏறும். மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கிறது.

அதே நேரத்தில் மேல் அடுக்கில் வைக்கும் டம்ளர், கிண்ணம் எல்லாம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டு வருகின்றன. விரலால் தடவினால் மணல் போல நெருடுகிறது. கீழே வைப்பவை ஓரளவு பரவாயில்லை.

பார்க்க வந்த மெக்கானிக் ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார். "மோட்டார் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்ன தொகையைப் பார்த்தால் புதிதே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. சத்தமும் அழுக்கும் தனித்தனிப் பழுதா, இல்லை ஒன்றுதானா? நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

திருப்புளி:
மோட்டாரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எந்தக் கட்டத்தில் சத்தம் வருகிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் குற்றம் சொல்ல முடியாது.

இயந்திரம் செய்வது இவ்வளவுதான். ஆரம்பித்ததும் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளும். அப்புறம் வால்வு திறந்து புதுத் தண்ணீர் பிடிக்கும். பிடித்த அதே தண்ணீரைச் சுழற்சிப் பம்ப் திரும்பத் திரும்ப உறிஞ்சி, சுற்றுகிற ஸ்ப்ரே ஆர்ம் வழியாகப் பாத்திரங்கள் மேல் அடிக்கும். பிறகு வடிகால் பம்ப் வெளியே தள்ளும். பெரும்பாலான மாடல்களில் இந்த இரண்டு பம்பும் வேறு வேறு. ஒன்றின் சத்தத்துக்கு இன்னொன்றை மாற்றிப் பயனில்லை.

தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் இன்லெட் வால்வையும் குழாயையும் பார்க்க வேண்டும். பிடித்து முடித்த நொடியில் சுவருக்குள் 'டொம்' என்று கேட்டால், ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் வால்வு மூடியதும் குழாயில் மோதுகிறது என்று அர்த்தம். கழுவும்போது சீரான இடைவெளியில் 'டக்... டக்' என்றால் ஆர்ம் ஏதோ ஒரு பாத்திரத்தில் இடிக்கிறது. கரகரவென்று அரைத்தால் பம்புக்குள் கெட்டியாக ஏதோ சிக்கியிருக்கிறது. இடைவிடாத கிறீச் சத்தம் என்றால் பேரிங் அல்லது சீல். அப்படியானால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

நீங்கள் சொல்லும் ஏறி இறங்கும் உறுமல் இதில் எதுவும் இல்லை. எப்போது வருகிறது என்று மட்டும் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுச் சொல்லுங்கள்.

நீராவி:
எனக்கும் இப்படி வந்தது. ஒரு கப் வினிகர் ஊற்றி ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

திருப்புளி:
வினிகர் உப்புப் படிவைக் கரைக்கும், பம்பின் உறுமலை நிறுத்தாது. அடிக்கடி ஊற்றினால் ரப்பர் சீலுக்கும் நல்லதல்ல. படிவுதான் பிரச்சினை என்றால் சிட்ரிக் அமிலம் போட்டு, காலி இயந்திரத்தைச் சூடான புரோகிராமில் ஓட்டுவது மேல். ப்ளீச்சோடு மட்டும் எந்த அமிலத்தையும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

சமையல்கட்டு:
கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் பிடிக்கும்போது மெல்லிய இரைச்சல்தான். கழுவ ஆரம்பித்து, ஆர்ம் சுற்றும் கட்டத்தில்தான் உறுமல் ஏறி இறங்குகிறது. வெளியே தள்ளும்போது வழக்கமான சத்தம்.

திருப்புளி:
அப்படியானால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது என்பது என் ஊகம். பம்ப் நிறையத் தண்ணீர் எடுத்தால் கனத்த சத்தம். காற்று நுழைந்ததும் பாரம் குறைந்து சத்தம் மாறும். திரும்பத் தண்ணீர் சேர்ந்தால் பழையபடி. பிடிக்கும் தண்ணீர் ஒரு தடவைக்குச் சில லிட்டர்தான் என்பதால் ஒரு லிட்டர் குறைந்தாலே இந்த நிலை வந்துவிடும். அழுத்தம் போனால் முதலில் அடிபடுவது மேல் அடுக்கு, ஏனென்றால் தண்ணீர் அவ்வளவு தூரம் ஏற வேண்டும். ஆகவே உங்கள் இரண்டு புகாரும் ஒன்றேதான் என்று நினைக்கிறேன்.

சோதிப்பது சுலபம். உறுமல் வரும்போது நிறுத்தி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஆவி போன பிறகு முழுதாகத் திறங்கள். உள்ளே வெந்நீர் இருக்கும், முகத்தை நீட்டாதீர்கள். அடியில் ஃபில்டரைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, நுரை நிற்கிறதா, ஏதாவது கிண்ணம் மல்லாந்து தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுமே காற்றை உள்ளே விடும். நுரை இருந்தால் கைகழுவும் திரவமோ சாதாரணப் பாத்திர சோப்போ உள்ளே போயிருக்கிறது.

நுரையும் இல்லை, மல்லாந்த கிண்ணமும் இல்லை என்றால், ஒரு ஜாடியில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே ஊற்றிக் கதவை மூடி ஓடவிடுங்கள். உறுமல் போனால் பம்ப் நல்ல பம்ப், அதற்குத் தண்ணீர் போதவில்லை. போகவில்லை என்றால் ஃபில்டர் அடைத்திருக்கலாம். தண்ணீர் இருந்தும் பம்புக்குப் போய்ச் சேரவில்லை.

கடைசிபெஞ்ச்:
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் வீட்டில் கழுவும்போது அமைதி, வெளியே தள்ளும்போது மட்டும் கரகர. ஒரு டம்ளர் உடைந்ததற்குப் பிறகு ஆரம்பித்தது. இது வேறா?

திருப்புளி:
வேறு. கண்ணாடித் துண்டு ஒன்று வடிகால் பம்புக்குப் போயிருக்கும். முதலில் ப்ளக்கைப் பிடுங்கி, குழாயை மூடுங்கள். ஃபில்டரைத் திருகி வெளியே எடுத்து, கீழே தேங்கிய தண்ணீரை ஸ்பஞ்சால் ஒற்றுங்கள். தடித்த கையுறை கட்டாயம். கலங்கிய தண்ணீரில் கண்ணாடி தெரியாது. குழியின் ஒரு ஓரத்தில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும் (சில மாடல்களில் ஒரு ஸ்குரூவும் உண்டு). அதை நெம்பினால் உள்ளே இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சின்னச் சுழல் சக்கரம். சுற்றியிருப்பதை இடுக்கியால் எடுத்துவிட்டு, ஒரு குச்சியால் இம்பெல்லரை மெல்லத் தள்ளிப் பாருங்கள். வழவழவென்று சுழலாமல் விட்டு விட்டு, ஒவ்வொரு இடமாக எகிறி நகரும். இதைப் பார்த்துவிட்டுப் 'பம்ப் இறுகிவிட்டது' என்று பலர் மாற்றிவிடுகிறார்கள். உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால் வரும் துள்ளல் அது, பழுதல்ல. சுத்தமாக நகரவே இல்லை என்றால்தான் கவலை. மூடியை மறக்காமல் திரும்பப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் சரியாக வெளியேறாது.

கடைசிபெஞ்ச்:
அந்த மூடிக்குள் நக அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு. கூடவே ஒரு எலுமிச்சை விதையும். இப்போது சத்தமே இல்லை. நன்றி.

சமையல்கட்டு:
நுரையில்லை. கிண்ணங்கள் எல்லாம் கவிழ்ந்துதான் இருந்தன. ஃபில்டரை ஏற்கெனவே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருந்தேன், பெரிதாக அழுக்கில்லை. ஆனால் ஃபில்டரைச் சுற்றித் தண்ணீர் மிகக் கொஞ்சமாகத்தான் தேங்கியிருந்தது. ஜாடித் தண்ணீரை ஊற்றி மூடியதும் உறுமல் நின்றுவிட்டது! அப்படியானால் இயந்திரம் ஏன் குறைவாகத் தண்ணீர் பிடிக்கிறது?

திருப்புளி:
வரும் வழியில் எங்கோ நெருக்கடி. சில இயந்திரங்கள் இவ்வளவு லிட்டர் என்று அளந்து பிடிக்கும், சில குறிப்பிட்ட நேரம் வால்வைத் திறந்து வைத்துவிட்டு, அவ்வளவுதான் என்று விட்டுவிடும். நேரக் கணக்கு இயந்திரமாக இருந்தால் மெல்ல வரும் தண்ணீர் அப்படியே குறைந்த தண்ணீர்தான். உங்களுடையது அந்த ரகமாக இருக்கலாம்.

ப்ளக்கை எடுத்துவிட்டு, குழாயை மூடி, இயந்திரத்தின் பக்கமிருக்கும் இன்லெட் ஹோஸைக் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள். குழாயைத் திறந்தால் பலமாகக் கொட்ட வேண்டும். சொட்டுகிற மாதிரி வந்தால் குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, ஹோஸ் இயந்திரத்துக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். நன்றாகவே வந்தால் ஹோஸ் பொருந்தும் வால்வு வாயில் சின்ன வலை இருக்கும். அங்கேதான் துருவும் மணலும் சேரும். வலையைக் கிழிக்காமல் மெல்ல இடுக்கியால் இழுத்துக் கழுவுங்கள். கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்றும் பாருங்கள். 0.3 அல்லது 0.5 பார் என்று பல மாடல்களில் இருக்கும். 1 பார் என்றால் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீர். ஆகவே தொட்டி தலைக்கு மேல் ஓரடியில் இருந்தால் போதாது.

திரும்ப மாட்டும்போது ஹோஸின் ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கசிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சமையல்கட்டு:
வலைதான். பாதிக்கு மேல் பழுப்பு நிறக் களிமண் போல அடைந்திருந்தது. நீரில் அலசினால் துருத் துகள்கள். சுத்தம் செய்து மாட்டியதும் உறுமல் அடியோடு போய்விட்டது. மோட்டார் தப்பித்தது!

ஆனால் மேல் அடுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஓரத்துக் கிண்ணங்களில் பொடி ஒட்டுகிறது. டம்ளர்களில் வெள்ளையாய் ஒரு மங்கல் வேறு.

திருப்புளி:
மேல் ஆர்மைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகளில் பாதி இருட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணீர் குறைவாக ஓடிய காலத்தில் பம்ப் துகள்களைத்தான் மேலே அனுப்பியிருக்கும். ஒவ்வொரு துளையையும் பல்குத்தியால் குத்தி, கழுவும் குழாய்க்கு அடியில் வைத்து, ஆர்மைக் குலுக்கினால் உள்ளே உருளும் துணுக்குகள் வெளியேறும். குலுக்கும்போது கடகட என்றால் இன்னும் ஏதோ இருக்கிறது.

மேல் அடுக்கை முழுதாக உள்ளே தள்ளுங்கள். பல மாடல்களில் பின்பக்கத்துக் குழாய்வாய் வந்து மேல் ஆர்முக்குப் பொருந்தும். அடுக்கின் உயரத்தை ஒருபக்கம் ஏற்றி ஒருபக்கம் இறக்கி வைத்திருந்தால் அது சரியாகப் பொருந்தாது. ஆர்ம் சுற்றுகிறதா என்று தெரிய, ஓட்டுவதற்கு முன் அதைக் கதவை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, நடுவில் நிறுத்தித் திறந்து பாருங்கள். அங்கேயே நின்றால் சுற்றவில்லை. ஒரு தடவை பார்த்தது போதாது, சுற்றிவந்து அதே இடத்தில் நின்றிருக்கவும் கூடும்.

மங்கலுக்கு ஒரு டம்ளரை வினிகரில் சில நிமிடம் ஊற வைத்துத் துடையுங்கள். மறைந்தால் கடினநீரின் படிவு. மறையாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, அது திரும்ப வராது.

நீராவி:
அப்போ என் வினிகருக்கும் ஒரு வேலை இருக்கிறது!

திருப்புளி:
இருக்கிறது, டம்ளரில் :)

சமையல்கட்டு:
மறைந்துவிட்டது. ஆர்ம் துளைகளும் சுத்தம், ஐந்தாறு அடைத்திருந்தன. உப்பு போடும் மூடி ஒன்று அடியில் இருக்கிறது, அதில் எதுவும் போட்டதில்லை. சமையல் உப்பு போடலாமா? பாத்திரங்களை முன்கூட்டியே நன்றாகக் கழுவித்தான் வைக்கிறேன், அதனால் அழுக்குப் பிரச்சினை இருக்கக்கூடாதே என்றும் தோன்றியது.

திருப்புளி:
சமையல் உப்பு வேண்டாம். அது பொடியாக இருப்பதால் கட்டியாகிவிடும், கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்களும் உள்ளே சேரும். டிஷ்வாஷருக்கென்று பருமனாக விற்கும் உப்புதான். முதல் தடவை அந்த அறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு உப்பு நிரப்ப வேண்டும். பிறகு வெறும் உப்பு போதும். உப்பு வேலை செய்வது பாத்திரத்தில் நேரடியாக இல்லை. உள்ளே தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் இருக்கிறது, அதைத்தான் உப்பு புதுப்பிக்கிறது. நிரப்பியதும் வெளியே சிந்தியதைத் துடைத்துவிட்டு உடனே ஒரு கழுவல் ஓட்டுங்கள். தேங்கிய உப்புநீர் எஃகையும் அரிக்கும். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற செட்டிங் எண்ணைக் கையேட்டில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரின்ஸ் எய்டும் (கடைசி அலசலில் சேரும் திரவம்) தீர்ந்திருந்தால் நிரப்புங்கள், தண்ணீர் துளியாய் நிற்காமல் வழிந்து போகும்.

முன்கூட்டிக் கழுவுவதை நிறுத்துங்கள், மிச்சத்தை வழித்துப் போட்டால் போதும். டிடர்ஜென்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைக்கத்தான் இருக்கின்றன. அழுக்கு அளவைக் கண்டு நேரத்தை மாற்றும் சென்சார் உள்ள இயந்திரம் என்றால், ஏற்கெனவே கழுவியதைப் பார்த்துக் குறைவாகக் கழுவிவிட்டு முடித்துவிடும்.

சமையல்கட்டு:
உப்பு வாங்கி நிரப்பிவிட்டு எழுதுகிறேன்.