ஃபோர்ட்நைட் பாஸ் முடிய 6 நாள்: வாங்கலாமா, விடலாமா?

கடைசிவட்டம் (டர்பன், தென்னாப்பிரிக்கா):
வீடியோ கேமில் கெடு வைத்து விற்றாலே ஏமாற்று வேலை என்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் துணிக்கடையில் தள்ளுபடி போட்டால் அதுவும் ஏமாற்றா? ஃபோர்ட்நைட் பாஸ் என்பது, காசு கட்டினால் அந்த சீசனில் லெவல் ஏற ஏறப் பரிசு தரும் சீட்டு. அதில் என்னென்ன கிடைக்கும் என்று முதல் நாளே காட்டிவிடுகிறான். பிடித்தவன் வாங்கிக்கொள்கிறான்.

மல்லி_பீனிக்ஸ்:
துணிக்கடைக்காரர் விலையை ரேண்டில் சொல்வார் தம்பி. இங்கே ரேண்டைக் கொடுத்து வி-பக்ஸ் என்ற விளையாட்டுக் காசு, அதைக் கொடுத்துப் பாஸ். பாஸ் 950 வி-பக்ஸாக இருந்த காலத்தில் வி-பக்ஸ் குறைந்தது 1,000 ஆக வாங்க வேண்டும். மீந்த 50க்கு உருப்படியாக ஒன்றும் வராது, சும்மா கண்ணை உறுத்திக்கொண்டு கிடக்கும். கெடுவாவது நிஜமா? கடிகாரம் ஓடி முடிந்த பிறகும் சில பொருள்கள் விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் இருந்ததைக் கண்டுபிடித்துத்தான் நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் 2024 மே மாதம் ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனத்துக்கு 11,25,000 யூரோ அபராதம் போட்டது. பிள்ளைகளை நெருக்கினார்கள் என்பதும் அதில் சேர்த்தி.

கடைசிவட்டம்:
அது கடைப் பொருள் அக்கா, நான் பேசுவது பாஸ். பாஸ் பொருள்கள் 18 மாதம் கழித்துக் கடைக்கு வரலாம் என்று 2024லேயே அறிவித்துவிட்டார்களே.

மல்லி_பீனிக்ஸ்:
“வரலாம்” என்றார்கள், “வரும்” என்று சொல்லவில்லை. ஹேலோ இன்ஃபினிட் விளையாட்டில் வாங்கின பாஸ் காலாவதி ஆவதே இல்லை, ஹெல்டைவர்ஸ் 2லும் அப்படித்தான். கெடு இல்லாமலும் விற்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
எப்படி வாங்குவது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. பாஸை முதல் நாளில் வாங்கக் கூடாது. சீசன் முழுக்க இலவசமாக ஆடுங்கள், லெவல் தானாக ஏறும். கடைசி வாரம் வாங்கினாலும் அதுவரை ஏறிய லெவலுக்கு உரியது மொத்தமும் கிடைத்துவிடும். லெவல் போதவில்லையா, காசு மிச்சம். முதல் நாளே வாங்கிவிட்டு லெவல் 60ல் நிற்பவரிடம்தான் “மீதி லெவலையும் விலைக்கு வாங்கு” என்பான். “போட்ட காசு வீணாகிறதே” என்று அவரும் வாங்குவார்.

கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டு இதைவிட மோசம். அதில் கதாபாத்திரங்களைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும், ஒரு குலுக்கலுக்கு விஷ் என்று பெயர். அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் விழும் வாய்ப்பு 0.6%. 90ஆவது விஷ்ஷில் கட்டாயம் விழும், ஆனால் நீங்கள் கேட்ட ஆள்தான் என்று உறுதியில்லை. ராசி கைவிட்டால் 180 விஷ், தலா 160 பிரிமோஜெம் (அந்த விளையாட்டின் காசு), ஆக 28,800. பேனர், அதாவது அந்த ஆளுக்கான குலுக்கல், நிற்பது சுமார் 3 வாரம். தினமும் தரும் சிறு வேலைகளுக்கு (கமிஷன்) 60 வீதம் 21 நாளைக்கு 1,260, அதாவது 7 விஷ்தான். மிச்சத்தை அந்த 3 வாரத்துக்குள் தேடப் போனால் கார்டுதான் தேயும். விழாத விஷ் எண்ணிக்கை அடுத்த கதாபாத்திர பேனருக்கும் கூடவே வரும். அதனால் 40ல் நிறுத்தினாலும் அந்த 40 வீண் இல்லை. இது தெரியாமல்தான் கடைசி இரவில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

மல்லி_பீனிக்ஸ்:
கென்ஷின் மாதச் சந்தாவையும் சொல்லுங்கள் அண்ணா. தினமும் 90 பிரிமோஜெம், உள்ளே போகாத நாளுக்குக் கிடையாது. ஐரோப்பா சர்வரில் நாள் மாறுவது நமக்கு விடியற்காலை 5 மணி. ராத்திரி மின்வெட்டில் டவரும் படுத்துவிட்டால் அன்றைய 90 போச்சு. மின் நிறுவனமான எஸ்காமுக்கு நேரும் கோளாறுக்கு நாம் அபராதம் கட்டுகிறோம்!

கடைசிவட்டம்:
சரி, சம்பாதிக்கிறவன் தன் காசைப் போடுகிறான். பிள்ளைகளை வீட்டில் பெற்றவர்கள்தானே பார்க்க வேண்டும்?

மல்லி_பீனிக்ஸ்:
பார்க்கட்டும். கூகுள் பிளே அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். கார்டை எடுத்துவிட்டு கிஃப்ட் கார்டு போட்டால் அதிலுள்ள தொகையோடு நின்றுவிடும். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயிலேயே பணம் திரும்பக் கேளுங்கள். நேரே வங்கிக்குப் போய்ப் பரிவர்த்தனையை மறுத்தால் விளையாட்டுக் கணக்கையே முடக்கிவிடக்கூடும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் 18 வயதுக்குட்பட்டவர் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய நம் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 39ஆம் பிரிவில் இடம் உண்டு. மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
கடைசிவட்டம், உங்கள் பாஸ் எத்தனையில் நிற்கிறது?

கடைசிவட்டம்:
இன்னும் வாங்கவில்லை. லெவல் 71.

கணக்குப்பிள்ளை:
பாஸ் முழுக்கக் கிடைக்க லெவல் 100 வேண்டும், இன்னும் 29. 6 நாளில் என்றால் தினம் ஐந்து. வேலைக்குப் போகிறவரால் ஆகாது, விடுங்கள்.