ஸ்டீம் ஃபேமிலியில் யாரையெல்லாம் சேர்க்கலாம்? தம்பி, அக்கா பையன், பெங்களூர் நண்பன், டொரண்டோ அண்ணன்

கோவை_பிளேயர் கேட்டது:

வணக்கம். காலேஜ் நாளிலிருந்து, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் கேம் வாங்கிச் சேர்த்து வருகிறேன். கோடை விற்பனையில் நாலு, டிசம்பர் விற்பனையில் நாலு என்று வாங்கியதில் லைப்ரரி பெரிதாகிவிட்டது. வேலைக்குப் போன பிறகு எனக்கு ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். வாங்கின கேமெல்லாம் சும்மா கிடக்காமல் வீட்டில் மற்றவர்கள் விளையாடினால் எனக்குச் சந்தோஷம்தான்.

தம்பி சென்னையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். அக்கா குடும்பம் எங்கள் மாடியிலேயே இருக்கிறது. அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு, ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேம் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவான். இவர்கள் இருவரும் இப்போது என் பாஸ்வேர்டை வைத்துத்தான் விளையாடுகிறார்கள். தம்பி அங்கே ஒரு கேமைத் திறந்தால் இங்கே என் கேம் நின்றுவிடுகிறது. லாகின் செய்யும்போது கேட்கும் ஸ்டீம் கார்டு (Steam Guard) பாதுகாப்புக் கோடு கேட்டு அக்கா பையன் ஆபீஸ் நேரத்தில் போன் செய்கிறான். லைப்ரரியைக் குடும்பத்தோடு பகிரும் ஸ்டீம் ஃபேமிலி வசதிக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன்.

காலேஜில் ரூம்மேட்டாக இருந்த நண்பன் பெங்களூரில் இருக்கிறான். பெரியப்பா மகன் டொரண்டோவில் இருக்கிறார், சின்ன வயதில் எனக்கு முதன்முதலில் கம்ப்யூட்டரில் கேம் போட்டுக் காட்டியவரே அவர்தான். இந்த இரண்டு பேரையும் சேர்க்க முடியுமா? அக்கா பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா? இதுவரை விளையாடிய சேவ் (எதுவரை ஆடினோம் என்ற பதிவு) எல்லாம் என்ன ஆகும்?


காவேரிக்கரை எழுதியது:

தம்பி, எங்கள் வீட்டில் நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் ஒரே ஸ்டீம் ஃபேமிலியில் இருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பழைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அவற்றில் வரும் 'ஃபேமிலி ஷேரிங்' வேறு. அதில் ஒருவர் கம்ப்யூட்டரில் இன்னொருவர் லாகின் செய்து அனுமதி கொடுக்க வேண்டும். லைப்ரரிக்குச் சொந்தக்காரர் ஏதாவது ஒரு கேமைத் திறந்தால் போதும், மற்றவர்களுக்கு அந்த லைப்ரரி முழுவதும் பூட்டிக்கொள்ளும். 2024 செப்டம்பரில் எல்லாருக்கும் வந்த 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது. இதில் உங்களையும் சேர்த்து ஆறு பேர் இருக்கலாம். அவரவருக்குச் சொந்த அக்கவுண்ட், சொந்த சேவ், சொந்த அச்சீவ்மெண்ட் (கேமில் சாதித்ததற்குக் கிடைக்கும் பதக்கம்). நீங்கள் ஒரு கேமில் இருக்கும்போதே உங்கள் லைப்ரரியிலிருந்து தம்பி வேறொன்றைத் திறக்கலாம். ஒரே கேமை இருவர் ஒரே நேரத்தில் விளையாட வேண்டும் என்றால் மட்டும் குடும்பத்துக்குள் இரண்டு பிரதி இருக்க வேண்டும். நீங்களும் அக்கா பையனும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் ஸ்டார்டியூ பண்ணையைச் சேர்ந்து நடத்த ஆசைப்பட்டால் இன்னொரு பிரதி வாங்க வேண்டும். ஒரே திரையைப் பாதியாகப் பிரித்து விளையாடுவதானால் ஒன்றே போதும்.

இப்போது யாரைச் சேர்ப்பது என்ற விஷயம். இதில் அவசரப்படவே கூடாது. குடும்பத்தில் சேர்ந்த ஒரு பெரியவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் முடியும்வரை வேறு குடும்பத்தில் சேரவோ புதிதாகத் தொடங்கவோ முடியாது. அவர் விட்டுப்போன இடமும் அப்படித்தான், அவர் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆனால்தான் இன்னொருவரை உட்கார வைக்கலாம். அதனால் ஒரு கேமை முடிக்கும்வரை நண்பனைச் சேர்த்துக்கொண்டு அப்புறம் எடுத்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்னொன்றை யாரும் சொல்லித்தருவதில்லை. உங்கள் பிரதியை வைத்து விளையாடும்போது யாராவது ஏமாற்றி விளையாடித் தடை வாங்கினால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். குடும்பத்தில் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அடி வாங்குவது கேமின் சொந்தக்காரர்தான். என் பெரியவனை உட்கார வைத்து இதைப் பொறுமையாக விளக்கினேன். ஆன்லைனில் ஜெயிக்க ஒரு சின்ன புரோகிராமை இறக்கிப் போட்டால் அப்பா காசு கொடுத்து வாங்கிய கேம் அவருக்கே இல்லாமல் போகும் என்றதும் அவனுக்குப் புரிந்தது. யாரைப் பற்றி இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியுமோ அவர்களை மட்டும் சேருங்கள்.

டொரண்டோ அண்ணனைச் சேர்க்க வழியே இல்லை. குடும்பத்தில் எல்லாருடைய அக்கவுண்டும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். பெங்களூர் நண்பர் இந்தியாதான் என்றாலும், ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய குடும்பத்துக்காகத்தான் இதைச் செய்திருப்பதாக ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி எழுதியே வைத்திருக்கிறது. ஹாஸ்டலில் இருக்கும் தம்பிக்கு வீடு உங்கள் வீடுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நண்பர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

அக்கா பையனை 'குழந்தை' என்ற வகையில் சேருங்கள். பதிமூன்று வயது ஆனவர்கள்தான் ஸ்டீமில் அக்கவுண்ட் தொடங்கலாம், ஒன்பதாம் வகுப்பு என்றால் அது பிரச்சினை இல்லை. எந்தெந்த கேம் அவன் கண்ணில் படலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்துக்குள், ஸ்டோரையும் சாட்டையும் திறக்கலாமா என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானிக்கலாம். எவ்வளவு நேரம் விளையாடினான் என்ற விவரமும் வரும். ஏதாவது வாங்க ஆசைப்பட்டால் அவன் பக்கத்திலிருந்து கேட்பான், பெரியவர்களில் ஒருவர் சரி என்று காசு கட்டினால்தான் வாங்கியதாகும். இங்கே ஒரு வேண்டுகோள். நேரத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அக்காவும் ஒரு அக்கவுண்ட் தொடங்கி பெரியவராகச் சேரட்டும், அவன் அம்மாவே அதை வைத்துக்கொள்ளட்டும். கேம் மாமாவுடையதாக இருந்தாலும் பிள்ளை அவர்களுடையது. என் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் தினம் அரை மணி என்று வைத்தேன். பூட்டுப் போட்ட பிறகு சொல்லாமல் முன்னாடியே பேசி வைத்ததால் அழுகை இல்லை.

எல்லா கேமும் பகிர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இலவச கேம்களுக்கு இது தேவையே இல்லை, ஆளாளுக்கு இறக்கிக்கொள்ளலாம். வேறு கம்பெனியின் அக்கவுண்டோ சந்தாவோ கேட்கும் கேம்கள் பல இதில் வராது, சில கம்பெனிகள் வேண்டாம் என்று ஒதுங்கியும் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் ஸ்டோர் பக்கத்தின் வலது ஓரத்தில் 'ஃபேமிலி ஷேரிங்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே விலையில் இரண்டு கேம் மனதில் இருந்தால் நான் அது இருக்கும் கேமைத்தான் வாங்குவேன்.


மூணாவது_கண்ட்ரோலர் எழுதியது:

காவேரிக்கரை அக்கா சொன்னதற்கு மேல் ஃபேமிலி பற்றி என்னிடம் ஒன்றும் இல்லை. நண்பனுக்கும் டொரண்டோ அண்ணனுக்கும் வேறு வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரே திரையில் இருவர் விளையாடும் வசதி உள்ள கேம் எதுவாக இருந்தாலும் ஸ்டீமின் 'ரிமோட் பிளே டுகெதர்' போட்டுப் பாருங்கள். கேம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும், படம் மட்டும் அவர்களுக்குப் போகும், அவர்கள் அழுத்தும் பட்டன் உங்களிடம் வரும். அவர்களிடம் அந்த கேம் இருக்கத் தேவையில்லை. பெங்களூருக்கு நன்றாகவே போகும். டொரண்டோவுக்குப் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் தெரியும், அதனால் சண்டை கேம் வேண்டாம். நிதானமாக யோசித்து ஆடும் கேம் எடுங்கள்.

இதைவிட நல்லது, 'இட் டேக்ஸ் டூ'வும் 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்'னும். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் 'ஃப்ரெண்ட்ஸ் பாஸ்' என்ற இலவசப் பதிப்பை இறக்கிக் கூட விளையாடலாம். இரண்டுமே இருவர் இல்லாமல் ஓடாத கேம்கள். முதல் கேம் காட்டித் தந்த அண்ணனோடு ஒரு கதையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சேர்ந்து விளையாடுவது, லைப்ரரியைத் திறந்துவிட்டு 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதைவிட எவ்வளவோ மேல். என் தனிப்பட்ட கருத்து இது, ஆனால் உறுதியான கருத்து.

வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: 2025-லிருந்து அதில் டிஜிட்டல் கேமையும் இரவல் கொடுக்கலாம். குடும்பக் குழுவில் இருப்பவருக்கு இரண்டு வாரத்துக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது இரண்டு கருவிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். கெடு முடிந்ததும் கேம் தானாகத் திரும்பி வந்துவிடும். இடைப்பட்ட நாளில் நீங்கள் அதை விளையாட முடியாது.


கோவை_பிளேயர் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்காவிடம் பேசினேன். நேரக் கட்டுப்பாடு தன் கையில் இருக்கும் என்றதும் உடனே சம்மதித்துவிட்டாள். நான், அக்கா, தம்பி, பையன் என்று நாலு பேர் மட்டும். மீதி இரண்டு இடம் காலியாகவே இருக்கட்டும், என் மனைவிக்கும் ஆர்வம் வந்தால் ஒன்று அவளுக்கு. நண்பனிடம் விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டேன், அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை ராத்திரி ரிமோட் பிளே போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அண்ணனுக்கு 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' பற்றி மெசேஜ் போட்டிருக்கிறேன், அங்கே விடிந்ததும் பார்ப்பார்.

ஒரே ஒரு கவலை மிச்சம். அக்கா பையனின் ஸ்டார்டியூ பண்ணை என் அக்கவுண்டில் இருக்கிறது. புது அக்கவுண்டில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றால் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியாது.


காவேரிக்கரை எழுதியது:

அதற்கு வழி இருக்கிறது. அந்தப் பண்ணை கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸில் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் ஸ்டார்டியூ வேலி, அதற்குள் சேவ்ஸ். கேமில் பையன் வைத்த தன் பெயரிலோ பண்ணைப் பெயரிலோ தொடங்கும் ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். புது அக்கவுண்டில் கேமை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, அதே இடத்தில் ஃபோல்டர் இல்லையென்றால் கொண்டுபோய்ப் போடுங்கள். அவன் அதே கம்ப்யூட்டரில்தான் விளையாடுகிறான் என்றால் அது அங்கேயே கிடக்கும், ஆனாலும் பிரதி எடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள். வாங்கிய அச்சீவ்மெண்ட் மட்டும் உங்கள் அக்கவுண்டிலேயே தங்கிவிடும், அதை மாற்ற முடியாது.

எல்லா கேமும் இப்படி இல்லை. சிலவற்றில் சேவ் ஃபோல்டரே அக்கவுண்ட் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். தம்பி பாதியில் விட்டிருக்கும் கேம் எதுவென்று கேட்டு இங்கே எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அப்புறம், எல்லாரும் அவரவர் அக்கவுண்டுக்கு மாறின அன்றைக்கே உங்கள் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.