டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு மாறுகிறோம், கைத்துப்பாக்கியை என்ன செய்வது?

டல்லாஸிலிருந்து எடிசனுக்கு அடுத்த மாதம் வீடு மாறுகிறோம், காரிலேயே வருகிறோம். என்னிடம் ஒரு க்ளாக் 17 இருக்கிறது, குடியுரிமை கிடைத்த பிறகு முறையாக வாங்கியது. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிட்டதால் இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நியூ ஜெர்சி சட்டத்தைப் படித்தால் தலை சுற்றுகிறது. மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாதாம், என்னிடம் உள்ள மூன்றும் 17 பிடிக்கும். சரி, அவற்றை இங்கேயே விற்றுவிடுகிறேன்.

வழிதான் குழப்பம். 1986 மத்தியச் சட்டப்படி தோட்டாவைக் கழற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் மாநிலம் தாண்டலாம். தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும், கிளவ் பாக்ஸைப் பூட்டினாலும் கணக்கில் வராது. எங்களுடையது மினிவேன். நடுவில் இரண்டு இரவு ஓட்டலில் தங்கினால் அந்தப் பாதுகாப்பு நிற்குமா? (வீட்டில் ‘வித்துத் தொலைங்க’ என்கிறாள்.)

இப்படி மாறி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கே துப்பாக்கி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துக் கைக்கு வர எத்தனை நாளானது? இந்தச் சட்டம் தெரிந்த வக்கீல் இருந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள். துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம், ப்ளீஸ்.