பொருள்: ‘ஃப்ரீ ஏஜென்சி’க்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். விளையாட்டு மேலாண்மைப் பாடத்தில் பேஸ்பால் பற்றிய ஓர் இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க மேஜர் லீகில் ஒருவர் ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடிக்கும்வரை அவர் எங்கே ஆடுவார் என்பது அணியின் கையில். ஆறும் முடிந்து ஒப்பந்தமும் தீர்ந்தால் எந்த அணியோடும் அவர் பேசலாம். அந்த நிலைதான் ஃப்ரீ ஏஜென்சி. பணவசதி நடுத்தரமாகவோ குறைவாகவோ உள்ள அணி, மூத்த வீரர் அந்த நிலையை எட்டுமுன்பே அவரைக் கொடுத்துவிட்டு இளையவர்களை வாங்கலாமா என்பதே இயலின் கேள்வி. ‘சுதந்திர வீரர்’ என்றால் விடுதலைப் போராட்டத் தியாகிதான் நினைவுக்கு வருகிறார். வேறு சொல் தாருங்கள்.

ந. எழுதியது:

விடுவீரர். சுருக்கமானது, வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

மு. எழுதியது:

அம்மா, ‘ஊறுகாய்’ என்றால் ஊறுவது காய். அப்படியானால் ‘விடுவீரர்’ என்பவர் எதையோ விடுகிறவர். விடுபடுகிறவரை அது சுட்டாது.

ந.:

ஐயா, குடிநீர் எதையும் குடிப்பதில்லையே. வினைத்தொகை செயப்படுபொருளையும் ஏற்கும்.

மு.:

ஏற்கும், மறுக்கவில்லை. ஆனால் நம்மிடமே பழஞ்சொல் இருக்கும்போது புதிதாகக் கட்டுவானேன்? பரிசிலர், அதாவது வள்ளல்களிடம் பரிசில் நாடிச் செல்பவர். அதியமான் வாயிலில் காத்திருக்க நேர்ந்த ஔவை, எத்திசை போனாலும் சோறு உண்டு என்று கலப்பையைச் சுருக்கிக்கொண்டு புறப்பட்டாரே, அதைவிடத் தெளிவான ஃப்ரீ ஏஜென்ட் உண்டா? இங்கே கலப்பை உழுபடை அன்று, இசைக்கருவிகள் வைக்கும் பை. பரிசில் என்ற சொல்லின் வேர் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன். ‘பரிசு’ என்பதற்குத் தன்மை என்ற பொருளும் உண்டு. அவரவர் தன்மைக்கேற்பத் தருவது என்று கொண்டால் வீரரின் சந்தை மதிப்பு வரைக்கும் வந்துவிடலாம்.

கு. எழுதியது:

மு. ஐயாவுக்கு வணக்கம். சிகாகோவிலிருந்து எழுதுகிறேன், பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைப் பின்தொடர்கிறேன். பரிசிலர் அழகான சொல், ஆனால் ஔவை அன்றைக்கே கிளம்ப முடிந்தது. இவர்களால் முடியாது. முன்பெல்லாம் ஒப்பந்தம் தீர்ந்தாலும் அணி தன் வீரரை ஆண்டுதோறும் பிடித்துவைக்கலாம் என்றொரு விதி இருந்தது. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃபிளட்டை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்தது. அவர் போக மறுத்து வழக்காடினார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற ஒப்பந்தத் தகராறு நடுவரின் தீர்ப்பு வந்தபிறகுதான் கட்டு அவிழ்ந்தது. ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் ஒரு தளை இருந்ததும், அது நீங்கியதும் தெரியவேண்டும். ‘விடுவீரர்’ என்றால் அணி கழற்றிவிட்டவர் என்று படும். கழற்றிவிடப்பட்டவர் வேறு; உழைத்து உரிமை பெற்றவர் வேறு. என் பரிந்துரை: தளைநீங்கிய வீரர்.

இயலின் கேள்விக்கும் இது தேவை. மில்வாக்கி பிரூவர்ஸ் அணியைப் பாருங்கள். லீகிலேயே மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று. சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லாத ஆட்டத்தில் நியூயார்க்கோடு அவர்கள் ஏலம் கேட்க முடியாது. கார்பின் பர்ன்ஸ் 2021இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கியவர். தளை நீங்க ஒரே பருவம் இருக்கும்போது, 2024 பிப்ரவரியில், பால்டிமோருக்குக் கொடுத்தார்கள். ஈடாக ஜோயி ஓர்டிஸ், டி.எல்.ஹால் என்ற இளையவர் இருவரும், புதுமுக வீரரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வுரிமையும் வந்தன. அந்தப் பருவத்தில் மில்வாக்கி 93 ஆட்டங்கள் வென்று தன் பிரிவில் முதலிடம். பர்ன்ஸ் ஆண்டுக் கடைசியில் அரிசோனாவோடு ஆறு ஆண்டுக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே 2024இல் வில்லி அடாமெஸைக் கொடுக்காமல் கடைசிவரை ஆடவைத்தார்கள். அவர் 18.2 கோடிக்கு சான்பிரான்சிஸ்கோ போனார். மில்வாக்கிக்கு ஈடாக ஒரு தேர்வுரிமை மட்டும் கிடைத்தது. அதற்காக அந்த முடிவு தவறென்று நான் சொல்லமாட்டேன். பிரிவை வென்றதில் அவர் பங்கு பெரிது.

2022 ஆகஸ்ட்தான் உறுத்துகிறது. பிரிவில் முதலிடத்தில் இருந்தபோதே ஜாஷ் ஹேடரை சான் டியேகோவுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்கே போகவில்லை. அவருக்கு ஈடாக வந்த எஸ்டூரி ரூயிஸை வைத்துத்தான் டிசம்பரில் வில்லியம் கான்ட்ரேராஸ் என்ற கேட்சரைப் பெற்றார்கள் என்பது உண்மை. ஆனாலும் பருவத்துக்கு நடுவில், வெல்லும் அணியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும், பருவம் முடிந்தபின் கொடுப்பதும் ஒன்றல்ல. பாடத்தில் இதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

மு.:

தளை நல்ல தமிழ். ஆனால் யாப்பில் தளை என்பது விலங்கு அன்று. நின்ற சீரின் ஈறும் வரும் சீரின் முதலும் பொருந்துவது தளை. அது நீங்கினால் வெண்பாவே இல்லை. வெண்டளை, ஆசிரியத்தளை...

த. எழுதியது:

ஐயா, மன்னிக்கவேண்டும், நான் நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் இருக்கிறேன். 2025 நவம்பரில் ஐபிஎல்லில் சாம்சன் சென்னைக்கும் ஜடேஜா ராஜஸ்தானுக்கும் மாறியபோது ‘டிரேட்’ என்றுதான் போட்டோம், எல்லாருக்கும் புரிந்தது. ஃப்ரீ ஏஜென்ட்டையும் அப்படியே விடலாம். மாணவர் நாளைக்கு இணையத்தில் தேடப்போவதும் அந்தச் சொல்லைத்தான்.

செ.:

டிரேடுக்கு வரைவில் ‘கைமாற்று’ என்று வைத்திருக்கிறேன்.

த.:

வேண்டாம் அம்மா. கைமாற்று என்றால் திருப்பித் தரவேண்டிய கடன். வீரர் திரும்பி வரமாட்டார். ‘வீரர் பரிமாற்றம்’ போதும்.

ந.:

பரிமாற்றத்துக்கு என் வாக்கு. ‘மூத்த வீரர்’ என்பதையும் மாற்றுங்கள். பரிமாற்றத்தின்போது பர்ன்ஸுக்கு வயது 29. வயதில் என்ன மூப்பு? ‘அனுபவ வீரர்’ என்று போடுங்கள்.

செ.:

அனைவருக்கும் நன்றி. மணி பதினொன்றாகிறது. இதுவரை, தனி மடல்களில் வந்த ‘கட்டற்ற வீரர்’ என்பதற்குத்தான் அதிக ஆதரவு. அந்த மடல்களையும் சேர்த்துச் சொல்கிறேன். கட்டற்ற மென்பொருள் (ஃப்ரீ சாஃப்ட்வேர்) வழியாக மாணவர்களுக்குப் பழகிய சொல். முதல் இடத்தில் ‘கட்டற்ற வீரர், அதாவது ஃப்ரீ ஏஜென்ட்’ என்று தந்துவிட்டுப் பிறகு தமிழிலேயே போகிறேன். ‘வீரர் பரிமாற்றம்’, ‘அனுபவ வீரர்’ உறுதி.

கு.:

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், சொல்லுக்கு உடன்படவில்லை. கட்டற்ற மென்பொருள் பிறக்கும்போதே கட்டற்றது. இவர் ஆறு ஆண்டு கட்டுண்டு கிடந்தவர். ‘கட்டு நீங்கிய’ என்றாவது திருத்துங்கள். பழைய விதிக்குத் ‘தளைவிதி’ என்ற பெயரையாவது இயலில் விட்டுவையுங்கள்.

செ.:

தளைவிதி இருக்கும். மற்றதை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

மு.:

பரிசில் பற்றிய மடல் தயாராகிவிட்டது. புதிய இழையில் இடுகிறேன்.