கலைச்சொல் வேண்டும்: குளியல், துவையல், அடுக்களை நீர்

அனைவருக்கும் வணக்கம். சிற்றூர்களுக்கான கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கசடு, உறிஞ்சுகுழி, நாணல் படுகை இவற்றிலெல்லாம் சிக்கல் இல்லை. கிரேவாட்டரில்தான் நிற்கிறேன். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் பயன்பட்டு வெளியேறும் நீர்; கழிவறை நீர் இதில் சேராது. வரைவில் "சாம்பல் நீர்" என்று இருக்கிறது. படித்துப் பார்த்தவர்கள் சாம்பல் கரைத்த நீர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

* * *

நிறத்தைப் பெயர்த்தால் பொருள் வராது, சாம்பலை விட்டுவிடுங்கள். நம்மிடம் "கழுநீர்" இருக்கிறதே! கழுவிய நீர், கழுவுகின்ற நீர், கழுவும் நீர் என விரியும். காலம் கரந்த பெயரெச்சம். "கழுவு" இருக்கக் "கழு" எப்படி என்று கேட்பவர்கள் குறளைப் பார்க்கட்டும்: "கழாஅக்கால் பள்ளியுள் வைத்தற்றால்". கழாஅக்கால் என்றால் கழுவாத கால். வகரம் இல்லாமலே வள்ளுவர் எதிர்மறை ஆக்கியிருக்கிறார். கழி, கழிவு, கழிமுகம் எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. செங்கழுநீர்ப் பூவையும் இதோடு சேர்த்து ஆராயலாம். அப்பூ எப்போதும் நீரில் அலசி எடுத்ததுபோல்...

* * *

> கழி, கழிவு, கழிமுகம் எல்லாம் இந்த வேரில்

ஐயா, கழிமுகத்தில் இருப்பது உப்பங்கழி. அதைத் தனி இழையில் பேசுவோம். கழுநீர் என்றால் அரிசி களைந்த நீர், மாட்டுக்கு வைப்பது. சோப்பும் எண்ணெயும் கலந்த நீருக்கு அதே பெயரைச் சூட்டினால், யாராவது மொண்டு மாட்டுக்கு வைத்துவிட மாட்டார்களா? "புழங்குநீர்" என்று வைக்கலாம்.

* * *

புழங்கும் தண்ணீர் என்று சொல்வது குடிக்க அல்லாமல் மற்ற வேலைக்கு வைத்திருக்கும் நல்ல தண்ணீரை. அது கழிவே இல்லை, அக்கா.

சொல் எதற்கு என்பதையும் பார்க்கவேண்டும். வீட்டுக் கழிவுநீரில் பெரும்பங்கு இந்த நீர்தான். நோய்க்கிருமிகளில் பெரும்பங்கு வருவது மலத்திலிருந்து. பிரித்தே விட்டால், எண்ணெயைத் தடுக்க ஒரு சிறு தொட்டி, அடுத்து நாணல் நட்ட சரளைப் படுகை, அவ்வளவு போதும். சரளையிலும் வேரிலும் படரும் பாக்டீரியா அழுக்கைத் தின்றுவிடும். நிலம் சரிவாக இருந்தால் மோட்டாரும் வேண்டாம். சேர்த்துவிட்டால் அத்தனை நீரும் மலம் கலந்த நீர். அதோடு, சிறிய செப்டிக் டேங்கில் துவைத்த நீர் ஒரேயடியாக வந்து பாய்ந்தால் கசடு படிய நேரம் இருக்காது. கலங்கல் அப்படியே உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். அப்புறம் குழி நிரம்பி வழியும். குழாய் பதிப்பவர் படத்தில் பெயரைப் பார்த்ததும் இது எந்தக் குழாய் என்று தெரியவேண்டும். என் முன்மொழிவு: இதற்குக் "கழுவுநீர்", கழிவறையிலிருந்து வருவதற்கு "மலநீர்".

* * *

மலம் கழித்தபின் கால் கழுவுவதும் கழுவுவதுதானே? அந்த நீர் மலநீரோடு போகவேண்டியது. அதனால் "மலம் கலவாக் கழிவுநீர்" என்றே எழுதுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

* * *

படத்தில் அம்புக்குறி அருகே அவ்வளவு நீளம் இடம் கொள்ளாது. கிரேவாட்டர் என்றே விட்டுவிடலாம் என்று தனிமடலில் இருவர் சொன்னார்கள். குழாய் பதிப்பவருக்கு அதுவும் புதுச்சொல்தான். இழையில் கழுவுநீருக்குச் சற்றே கூடுதல் ஆதரவு தெரிகிறது. படங்களில் கழுவுநீர், மலநீர் என்று போடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் "மலம் கலவாத குளியல், துவையல், அடுக்களை நீர்" என்று விளக்கிவிடுகிறேன். கால் கழுவும் நீர் மலநீரில் சேரும் என்றும் அங்கேயே எழுதிவிடலாம்.

* * *

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கழுவுநீர் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வழக்கில் உள்ள சொல்லின் பொருளை விரிப்பதே முறை; மாட்டைக் காரணம் காட்டி ஒரு நல்ல சொல்லைத் தள்ளியதை என்னால் ஏற்க முடியவில்லை.